கைப்பிடி அறுந்து திரும்பி வந்த வாக்வா பை

2024 ஜூலை மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை. மொரிஷியஸின் மாஹேபூர் சந்தையில் காலை எட்டு மணிக்கெல்லாம் கீரைக்காரர்கள் முன்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் முடைந்த வாக்வா ஓலைப் பைகளை விற்பனை மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். மூன்று வாரத்துக்கு முன் என்னிடம் பை வாங்கிய பாட்டி ஒருவர் நேராக வந்து, அந்தப் பையை என் முன் வைத்தார். ஒரு கைப்பிடி முழுதாக இருந்தது. மற்றொன்று ஒரு முனையில் பிடுங்கிக்கொண்டு தொங்கியது. அந்த இடத்தில் பையின் விளிம்பும் இரண்டு விரல் அகலத்துக்குக் கிழிந்திருந்தது.

“மிஸ், சௌசௌவும் வெங்காயமும்தான் வைத்திருந்தேன். பஸ்ஸில் ஏறும்போது அறுந்துவிட்டது. எல்லாம் படியில் உருண்டு ஓடிவிட்டன,” என்றார். குரலில் கோபம் துளியும் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. “சரிசெய்து வையுங்கள், அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்கிறேன்.”

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆரம்பப் பள்ளியில் தமிழ் கற்பித்தவள் நான். ஊரில் பாதிப் பேருக்கு நான் இன்னும் ‘மிஸ்’தான். அந்த ஒரு சொல்லால் அன்று எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதற்குள் அதே கைப்பிடியுடன் 23 பைகளை விற்றிருந்தேன். இந்தப் பதிவு பெரும்பாலும் அந்தக் கைப்பிடியைப் பற்றியது.

வாக்வா என்ன மரம் என்று மொரிஷியஸுக்கு வெளியே உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டும். நம் தாழையின் நெருங்கிய உறவு அது. அறிவியல் பெயர் பாண்டனஸ் யூட்டிலிஸ். யூட்டிலிஸ் என்றால் இலத்தீனில் பயனுள்ளது என்று பொருள். அடிமரத்தைச் சுற்றி ஊன்றுகோல் போல வேர்கள் இறங்கி நிற்கும். மடல்கள் திருகு திருகாக மேலேறும். மடலின் இரண்டு ஓரத்திலும், அடிப்பக்கத்து நடு நரம்பிலும் சிவந்த முட்கள் வரிசையாக இருக்கும். இத்தீவில் ஒரு நகரத்துக்கே வாக்வா என்று பெயர். கோணிச் சாக்கு வந்து இடத்தைப் பிடிப்பதற்கு முன் இங்கே விளைந்த சர்க்கரை இந்த மடலில் முடைந்த சாக்கில்தான் கப்பலேறியது. கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் முன்னோர்கள் அந்தச் சாக்குகளைத் தூக்கியிருப்பார்கள். ஒவ்வொரு மடலையும் கையில் எடுக்கும்போது எனக்கு இது நினைவுக்கு வருகிறது.

கடைக்கு எடுத்துப்போகும் பையை இங்கே ‘தாந்த்’ என்கிறோம். என் சிறு வயதில் வாக்வா தாந்த் இல்லாத வீடு கிடையாது. பிறகு பிளாஸ்டிக் உறை வந்தது, தாந்த் பரணுக்குப் போனது. 2016 ஜனவரி 1 முதல் அரசு பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தபோது பரணிலிருந்து இறங்கிய பைகளை நானே பார்த்தேன். ஆனால் முடையத் தெரிந்த கைகள் அதற்குள் குறைந்துவிட்டிருந்தன. ஓய்வு பெற்ற பிறகு ரோஸ் பெல்லில் எங்கள் தெருவிலேயே இருக்கும் 78 வயது கிரியோல் அம்மையார் ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன். எல்லோரையும் போல நானும் அவரைத் தாந்தின், அதாவது அத்தை என்றுதான் அழைக்கிறேன். அவர் என்னை ‘மோ திஃபி’, அதாவது என் மகளே என்பார். இந்த வயதில் என்னை அப்படி அழைக்க அவர் ஒருவர்தான் இருக்கிறார்.

முதலில் பையின் அளவைச் சொல்லிவிடுகிறேன். கைப்பிடியின் கதை புரிய அது தேவை. அடி 30 சென்டிமீட்டர் நீளம், 12 அகலம். உயரம் 28. ஓலை வார்ந்து காய்ந்த பின் ஒரு சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். காயும்போது சுருங்குவதால் பச்சையில் 12 மில்லிமீட்டராக வார்கிறேன். அடிக்குக் குறுக்கே 30 ஓலை, நெடுக்கே 12. இவை அடியைத் தாண்டி நான்கு பக்கமும் மேலே மடிந்து நிற்கும். மொத்தம் 84 நிற்கும் ஓலைகள். அவற்றுக்குள் நுழைந்து நுழைந்து பையைச் சுற்றி வரும் வளைய ஓலைகள் 28, ஒவ்வொன்றும் 92 சென்டிமீட்டர். அதில் எட்டு சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிவதற்கு. ஒரு மடலில் நல்ல ஓலை நான்கு தேறும். முள்ளோரமும் நடு நரம்பும் கழிவு. ஆக, ஒரு பைக்கு 20 மடல் வைத்துக்கொள்கிறேன். கைப்பிடிக்கு இன்னும் நான்கைந்து.

மடலை அறுத்து வந்த அன்றே முள்ளை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தள்ளினால் ஓரம் உள்நோக்கிச் சுருண்டு, கத்தி முள்ளின் மேல் ஓடாமல் மடலுக்குள் இறங்கிவிடும். மடலின் நுனியிலிருந்து அடியை நோக்கி இழுக்கக் கூடாது. முள் நுனியைப் பார்த்துச் சாய்ந்திருப்பதால் கையைக் கிழிக்கும். அடியிலிருந்து நுனிக்கு இழுக்க வேண்டும். தாந்தின் இதைச் சொல்லவில்லை, என் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். பிறகு வெயிலில் மூன்று நான்கு நாள். மாலையில் உள்ளே எடுத்துவிட வேண்டும், பனி பட்டால் புள்ளி விழும். காய்ந்த ஓலையை மழுங்கிய கத்தியின் முதுகுக்கும் கட்டை விரலுக்கும் நடுவில் வைத்து மூன்று முறை இழுத்தால் விறைப்புப் போய்த் துணி போலக் குழையும். முடையும்போது ஈரத்துணியில் சுற்றி வைத்து, வேண்டியதை மட்டும் உருவிக்கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் எனக்கு நன்றாகவே வந்தன. தாந்தின் என் முதல் பையின் அடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒளிக் கண் ஒன்றும் தெரியவில்லை என்று தலையசைத்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. அந்த மகிழ்ச்சியில் கைப்பிடியை அவசரப்பட்டு என் போக்கில் செய்துவிட்டேன்.

பழைய கைப்பிடி இதுதான்: மூன்று புரியில் தட்டையாகப் பின்னிய வாக்வாப் பின்னல். முனைகளை விளிம்புக்கு அடியில் செருகி, மடித்து, பருத்தி நூலால் நான்கு தையல். பார்க்க அழகாக இருந்தது. தோளில் மாட்டிக் கண்ணாடி முன் நின்று பார்த்தேன். பளுவை வைத்துப் பார்க்கவில்லை.

பாட்டியின் பையைக் கொல்லையில் கொண்டுவந்து பிரித்தேன். பளு எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தவுடன் விளங்கியது. கைப்பிடியின் ஒரு முனை, விளிம்பில் இருக்கும் ஒரே ஒரு வளைய ஓலையையும் அதைத் தாங்கும் இரண்டு நிற்கும் ஓலைகளையும் மட்டுமே பிடித்திருந்தது. பையில் இருந்த ஆறு கிலோவும் அந்த நான்கு முனைகள் வழியாகத்தான் கைக்கு ஏற வேண்டும். நிற்கும் ஓலை இழுபட்டு உருவிக்கொண்டு வந்திருக்கிறது, அதன் பின்னால் விளிம்பு கிழிந்திருக்கிறது. அடியில் 42 ஓலைகள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குக்கூட இந்த வேலையில் பங்கு இல்லை.

அதே வகைக் கைப்பிடியுள்ள இன்னொரு பையை எடுத்து, ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில் நான்கை நிரப்பி உள்ளே வைத்து, கொய்யா மரக் கிளையில் மாட்டினேன். ஆறு கிலோ. இரவு முழுவதும் தொங்கியது. காலையில் போய்ப் பார்த்தால் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு ஒரே குழப்பம். அப்போது என் கணவர் சொன்னார்: “அந்த அம்மா பையோடு மரத்திலா தொங்கினார்? பஸ்ஸில் அல்லவா ஏறினார்.” பையைக் கையில் எடுத்து, ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கிச் சட்டென்று விட்டுப் பிடித்தார். அப்படி வெட்டி இழுத்த மூன்றாவது வெட்டில் கைப்பிடி பிய்த்துக்கொண்டது. பஸ் படியில் கால் வைத்து எம்பும்போது கையில் இருக்கும் பளுவுக்கு விழும் வெட்டு அதுதான். சும்மா தொங்கவிட்டுப் பார்க்கும் சோதனையை மட்டும் நம்புவதை அன்றோடு விட்டேன். இப்போது ஒவ்வொரு மாதிரியையும் ஆறு கிலோவோடு ஐம்பது முறை வெட்டி இழுத்துப் பார்த்த பிறகே மேசைக்கு அனுப்புகிறேன்.

திருத்தம் ஒரே நாளில் கிடைக்கவில்லை. முதலில் விளிம்பை இரட்டை ஓலையாக்கி, நான்கு தையலுக்குப் பதில் பத்துத் தையல் போட்டேன். ஊசி துளைத்த இடமெல்லாம் தபால் தலையின் ஓரம் போல வரிசைத் துளையாகி, அந்தக் கோட்டிலேயே நேராகக் கிழிந்தது. ஓலையில் தையல் கூடக் கூட வலிமை குறைகிறது. துணி தைத்துப் பழகியவர்கள் எல்லோரும் முதலில் செய்யும் பிழை இது என்று நினைக்கிறேன். துணியில் நூல் விலகி ஊசிக்கு வழி விடும். ஓலையில் நார் அறுந்துதான் ஊசிக்கு வழி கிடைக்கும்.

தாந்தினிடம் போய்ச் சொன்னேன். அவர் உள்ளே போய், தம் அம்மா முடைந்தது என்று ஒரு பழைய தாந்தைக் கொண்டுவந்தார். நிறம் கருத்து, ஒரு பக்கம் எலி கடித்திருந்தது. கைப்பிடி மட்டும் அப்படியே இருந்தது. கவிழ்த்துக் காட்டினார். கைப்பிடி விளிம்பில் முடியவே இல்லை. ஒரே கயிறு பக்கவாட்டில் இறங்கி, அடியைக் கடந்து, மறுபக்கம் ஏறி, மறு கைப்பிடியாகி, மீண்டும் இறங்கி வந்து அடியில் தன்னோடு சேர்ந்திருந்தது. பையைக் கயிறு ஏந்திக்கொண்டிருந்தது. “குழந்தையைக் காதைப் பிடித்தா தூக்குவாய், மோ திஃபி? அடியில் கை கொடுத்துத் தூக்கு,” என்றார். முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ கேட்கவில்லையே என்றார். உண்மைதான்.

அந்த முறையில் என் பைக்குக் கணக்குப் போட்டேன். 30 நிற்கும் ஓலைகள் உள்ள பக்கத்தில் 9ஆவது ஓலையின் மேலும் 22ஆவது ஓலையின் மேலும் கயிறு ஏற வேண்டும். அப்போது இரண்டு ஓரத்திலும் எட்டெட்டு, நடுவில் பன்னிரண்டு ஓலைகள் நின்று, பளு ஒரு பக்கம் சாயாது. ஏற்ற இறக்கம் நான்கு முறை 28, அடியைக் கடக்க இரண்டு முறை 12, கைப்பிடிக்கு இரண்டு முறை 45, இணைப்புக்கு 20. மொத்தம் 246 சென்டிமீட்டர். நான் இரண்டரை மீட்டர் எடுத்துக்கொள்கிறேன்.

கயிற்றை முதலில் வாக்வா ஓலையிலேயே பின்னினேன். 31ஆவது வெட்டில் அறுந்தது. அறுந்த இடத்தைப் பார்த்தால், மூன்று புரியிலும் ஓலை தீர்ந்து புது ஓலை சேர்த்தது ஒரே இடத்தில். ஒவ்வொரு புரியின் இணைப்பையும் ஒரு சாண் தள்ளித் தள்ளி வைத்துப் பின்னியபோது ஐம்பதையும் தாண்டியது. ஆனால் ஈரம் பட்டுக் காய்ந்தால் கயிறு நெகிழ்ந்து பை கீழே இறங்கிவிடுகிறது. எனவே உள்ளே ‘அலோஸ்’ நார்க் கயிறு வைத்தேன். அலோஸ் என்று இங்கே சொல்வது பெரிய கற்றாழை ஒன்று. உலகச் சந்தையில் அதன் நாருக்கு மொரிஷியஸ் சணல் என்றே பெயர். சர்க்கரைச் சாக்குக்கு இந்த நாரும் பயன்பட்டிருக்கிறது. கயிறு இரும்பு போல இருக்கிறது, ஆனால் நார்ச் சிலும்பு உள்ளங்கையை அறுக்கும். கை படும் இடத்தில் மட்டும் ஈரமான வாக்வா ஓலையைச் சுற்றிவிடுகிறேன். சுற்றும்போது முன் சுற்றில் பாதியை மறைத்தபடி அடுத்த சுற்று வர வேண்டும். பக்கம் பக்கமாகச் சுற்றினால், காய்ந்து அகலம் சுருங்கியதும் இடையில் நார் எட்டிப் பார்க்கும்.

கயிறு பையின் வெளிப்பக்கம் சும்மா ஓடினால் நழுவும். நான்கு வளையத்துக்கு ஒரு முறை ஒரு வளைய ஓலையின் அடியில் நுழைந்து வெளியே வர வேண்டும். அடியில் இரண்டு முனைகளும் சேரும் இடத்தில் பத்துப் பத்து சென்டிமீட்டரைப் பிரித்து, ஒன்றின் புரிக்குள் மற்றொன்றின் புரியைச் செருகி, மெழுகு பூசிய நூலால் வரிந்து கட்டுகிறேன். முடிச்சு போட்டால் பை மேசையில் ஆடும். இந்த வகையில் ஐம்பது வெட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. எட்டு பாட்டில், அதாவது 12 கிலோ வைத்து ஓர் இரவு தொங்கவிட்டதில் அடி ஒரு சென்டிமீட்டர் தொய்ந்தது, கைப்பிடி அசையவில்லை.

அடுத்தது விற்றுவிட்ட 23 பைகள். இந்த நினைப்பு என்னைத் தூங்கவிடவில்லை. அட்டை ஒன்றில் இங்கே எல்லோரும் பேசும் கிரியோல் மொழியிலும் பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதி மேசையில் வைத்தேன்: ஆகஸ்டுக்கு முன் வாங்கிய பைகளைக் கொண்டு வாருங்கள், கைப்பிடி மாற்றித் தருகிறேன், பணம் வேண்டாம். பாட்டியின் பைதான் முதல். முடைந்து காய்ந்துவிட்ட பையில் கயிற்றை நுழைப்பது புதுப் பையில் நுழைப்பதைவிடக் கடினம். ஈரத்துணியைச் சுற்றி அரை மணி நேரம் வைத்து, மூங்கிலைச் சீவிச் செய்த தட்டை ஊசியால் வளையத்தை மெல்லத் தூக்கி வழி செய்ய வேண்டும். இரும்புக் குத்தூசி கூடாது, ஓலையைக் கீறிவிடும். பைக்கு ஒரு மணி இருபது நிமிடம் ஆனது. அந்த ஆண்டு முடிவதற்குள் 14 பைகள் வந்தன. ஆறு பைகளை வெளிநாட்டுப் பயணிகள் வாங்கிப் போயிருந்தார்கள். மாஹேபூருக்குப் பக்கத்திலேயே விமான நிலையம் இருப்பதால் ஊருக்குத் திரும்பும் நாளில் சந்தைக்கு வருபவர்கள் உண்டு. அவர்களை எப்படித் தேடுவது? அந்த ஆறு பைகளும் எங்கோ ஓர் ஊரில் யாருடைய கையிலாவது அறுந்திருக்கும். மன்னிப்புக் கேட்கவும் வழி இல்லை.

கைப்பிடிக்கு ஆகும் நேரத்தைக் குறித்துவைக்கத் தொடங்கியபோதுதான், முழுப் பைக்கு ஆகும் நேரத்தை நான் ஒரு நாளும் எழுதிவைக்கவில்லை என்பது தெரிந்தது. விலை 350 மொரிஷியஸ் ரூபாய் என்று எந்த அடிப்படையில் வைத்தேன்? பக்கத்து மேசைகளில் மடகாஸ்கரிலிருந்து வரும், ராஃபியா என்ற பனைவகை நாரில் முடைந்த பைகள் அந்த விலைக்குக் கிடைத்தன, அவ்வளவுதான். அந்தப் பைகளை நான் குறை சொல்ல மாட்டேன். அவையும் யாரோ ஒரு பெண்ணின் கைவேலை. ஆனால் அவர்களுடைய விலையை என் உழைப்புக்கு அளவுகோலாக வைத்தது தவறு.

ஆகஸ்டில் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பையை முழுதாகச் செய்தேன். முள் எடுக்க 70 நிமிடம். வார 40. இழுத்துக் குழைக்க 50. அடியும் பக்கமும் முடைய நான்கு மணி நேரம். விளிம்பு மடிக்க 45 நிமிடம். புதுக் கைப்பிடிக்கு 75. கூட்டினால் எட்டு மணி நாற்பது நிமிடம். முடைவது மட்டும்தான் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மடல் ஓலையாவதற்குள்ளேயே இரண்டு மணி நாற்பது நிமிடம் போகிறது! கொல்லையில் உட்கார்ந்து பேச்சுவாக்கில் செய்வதால் அது கணக்கில் வராமலே இருந்திருக்கிறது. சமையலைப் போல.

பழைய கைப்பிடி 35 நிமிட வேலை. அந்தக் கணக்கில் பைக்கு எட்டு மணி நேரம். மடல் கட்டுக்கு 40 ரூபாய், நூலுக்கு 10, பஸ்ஸுக்கும் சந்தை இடத்துக்குமாகப் பைக்கு ஏறக்குறைய 30. இவை போக 270 ரூபாய். மணிக்கு 34 ரூபாய்கூட இல்லை. 2024இல் இந்த நாட்டில் குறைந்தபட்ச மாத ஊதியம் 16,500 ரூபாயாக இருந்தது. வாரம் 45 மணி நேரம் என்றால் மாதத்துக்கு 195 மணி நேரம். மணிக்கு ஏறத்தாழ 85 ரூபாய். நாளை ஒரு பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்து, இதில் பிழைக்கலாம் என்று சொல்ல வேண்டுமானால் அதற்குக் கீழே நான் விலை வைக்கக் கூடாது. எட்டு மணி நாற்பது நிமிடத்துக்கு 737 ரூபாய், மடல் 40, அலோஸ் கயிறும் நூலும் 45, வழிச்செலவும் இடமும் 30. மொத்தம் 852. விலையை 850 என்று எழுதினேன்.

எழுதும்போது கை நடுங்கியது என்று சொன்னால் மிகையில்லை. எனக்கு ஓய்வூதியம் வருகிறது, 350க்கே விற்றாலும் என் அடுப்பு எரியும். ஆனால் அந்தச் சலுகை விலையில் நான் உட்கார்ந்திருந்தால், இந்த வேலையை நம்பி வரும் இளையவளுக்கு அந்த மேசையில் இடமே இருக்காது. தாந்தினின் பேத்தியே இந்தத் தொழில் சோறு போடாது என்று வேறு வேலைக்குப் போனவள்.

முதல் இரண்டு திங்கட்கிழமைகளில் மொத்தம் ஒரே ஒரு பை விற்றது. கையில் எடுத்துப் பார்த்து, விலைச் சீட்டைப் பார்த்து, வைத்துவிட்டுப் போனார்கள். மூன்றாவது வாரம் பேசுவதைக் குறைத்தேன். மேசையின் ஓரத்தில் ஒரு கம்பு நட்டு, ஒரு பையில் நான்கு தண்ணீர் பாட்டில்களை வைத்துத் தொங்கவிட்டேன். பக்கத்தில் பாட்டியின் பையிலிருந்து எடுத்த பழைய அறுந்த கைப்பிடியை ஆணியில் மாட்டினேன். யார் கேட்டாலும் நடந்ததை அப்படியே சொன்னேன்: இது நான் செய்த தவறு, இது அதன் திருத்தம், இழுத்துப் பாருங்கள். வந்தவர்கள் இழுத்தார்கள். குழந்தைகள் ஊஞ்சலாடப் பார்த்தார்கள். அச்சாறு விற்கும் பக்கத்து மேசை அம்மா தம் வாடிக்கையாளர்களிடமும் அந்தப் பையைக் காட்டத் தொடங்கினார். அக்டோபருக்குள் வாரம் இரண்டு மூன்று என்று நிலைத்தது. அதற்கு மேல் என்னால் முடையவும் முடியாது.

அந்த விலைக்கு விற்ற முதல் பைக்கு ஒரு பெண் எட்டு நூறு ரூபாய் நோட்டும் ஓர் ஐம்பதும் எண்ணிக் கொடுத்தார். நம் நூறு ரூபாய் நோட்டில் இந்நாட்டுத் தமிழ் அரசியல் தலைவர் ரங்கநாதன் சீனிவாசன் படம் இருக்கிறது, நோட்டில் தமிழ் எழுத்தும் இருக்கிறது. எத்தனையோ ஆண்டுகளாகக் கையில் புழங்கும் நோட்டுத்தான். அன்று வீட்டுக்கு வந்து அவற்றை மேசையில் பரப்பி வைத்துச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓர் இழப்பையும் எழுதிவிட வேண்டும். 2025இல் தைப்பூசக் காவடி பிப்ரவரி 11ஆம் தேதி வந்தது. பத்து நாள் விரதம், கோயில் வேலை, வீட்டில் உறவினர். பைகளை எடுத்துவைக்க நேரமில்லாமல், செய்து முடித்த 11 பைகளை ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டேன். வெளியே மழைக்காலப் புழுக்கம். விரதம் முடிந்து திறந்தபோது பூசண வாடை முகத்தில் அடித்தது. வெளியிலேயே இருந்த நான்கு பைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவை ஆணியில் காற்றாடத் தொங்கியவை. பூசணம் பிடித்தவற்றைக் காடி நனைத்த துணியால் துடைத்து இரண்டு நாள் வெயிலில் வைத்தேன். வெள்ளைப் பூசணம் போய்விட்டது. கரும்புள்ளி விழுந்த ஐந்து பைகளில் புள்ளி போகவே இல்லை, ஓலைக்குள் இறங்கிவிட்டிருந்தது. அந்த ஐந்தையும் விற்கவில்லை, கோயில் சமையல் கட்டுக்குக் கொடுத்தேன். அங்கே ப்ரெத் முரும் அள்ளப் பயன்படுகின்றன. முருங்கைக் கீரையைத்தான் கிரியோலில் அப்படிச் சொல்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம், யாரோ ஒரு பாட்டி கூடையோடு கொண்டுவந்து இம்மண்ணில் வைத்துவிட்டுப் போனது போல எனக்குத் தோன்றும்.

வாங்குபவர்களிடமும் இப்போது சொல்லி அனுப்புகிறேன்: நனைந்தால் கவலை வேண்டாம், ஆனால் நனைந்த பையை மூடி வைக்காதீர்கள், தொங்கவிடுங்கள். ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ போகிறவர் என்று தெரிந்தால், விமான நிலையத்தில் ஓலைப் பொருள் என்று கட்டாயம் எழுதிக் கொடுக்கச் சொல்கிறேன். அங்கே தாவரப் பொருள்களைச் சோதிப்பார்கள்.

சாயம் போட்ட ஓலை வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். ஒரு முறை சிவப்புக் கோடு வைத்து முடைந்தேன். மழையில் நனைந்து ஒருவருடைய வெள்ளைச் சட்டையில் இறங்கிவிட்டது. சரியாகச் செய்யத் தெரியும் வரை சாயம் இல்லை.

கடந்த மாதம் அந்தப் பாட்டி மறுபடியும் வந்தார், அதே பையோடு. எனக்கு நெஞ்சு திக்கென்றது. பையைக் கவிழ்த்துக் காட்டினார். அடியின் இரண்டு மூலைகளில் ஓலை தேய்ந்து, ஒன்றில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. பஸ் நிறுத்தத்தில் சிமெண்டுத் தரையில் வைத்து வைத்து எடுத்ததில் வந்த தேய்வு. வாரத்துக்கு இரண்டு முறை என்று பார்த்தாலும் நூறு தடவைக்கு மேல் அந்தப் பை சந்தைக்குப் போய் வந்திருக்கிறது. கயிற்றை இழுத்துப் பார்த்தேன். கைபடும் இடத்தில் ஓலை பளபளவென்று மெருகேறி இருந்தது. இணைப்பு அப்படியே இருக்கிறது.

இப்போது மேசையில் சோதனைக்காக மூன்று மாதிரி மூலைகள் இருக்கின்றன. ஒன்றில் இரட்டை ஓலை வைத்து முடைந்திருக்கிறேன். ஒன்றில் அலோஸ் நாரை நெருக்கமாக வரிந்திருக்கிறேன். மூன்றாவது, தாந்தின் சொன்ன வழி: மடலின் அடிப்பகுதியில் உள்ள தடித்த ஓலையை நான்கு விரல் அளவுக்கு வெட்டி, கழற்றி மாற்றும்படி மூலையில் செருகுவது. கொல்லையில் சிமெண்டுத் தரையில் ஒவ்வொன்றையும் ஆறு கிலோவோடு தினமும் முப்பது முறை வைத்து எடுக்கிறார் என் கணவர். இரட்டை ஓலை நேற்றே தேயத் தொடங்கிவிட்டது. பாட்டியிடம் இரண்டு வாரம் கேட்டிருக்கிறேன். அதுவரை சந்தைக்குப் போக என் பையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.